தங்கம் சிவக்கும், வெள்ளி மஞ்சளாகும்!

ஒரு சின்ன வெள்ளைப் பட்டை. மருந்துக் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. காலையில் எழுந்ததும் அதில் சில சொட்டுகளை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருக்கும் பெண்ணுக்கு அந்த ஐந்து நிமிஷமும் ஒரு யுகம்! ஒரு கோடு விழுந்தால் ஒரு செய்தி; இரண்டு கோடு விழுந்தால் வேறு செய்தி. அந்த இரண்டாவது கோட்டுக்காக வருஷக்கணக்கில் ஏங்குகிறவர்களும் உண்டு, "இப்போது வேண்டாமே!" என்று குலதெய்வத்துக்கு முடிந்து வைக்கிறவர்களும் உண்டு.

அந்தக் கோடு பெரும்பாலும் ரோஜாச் சிவப்பு. அந்தச் சிவப்பு எதனால் ஆனது தெரியுமா? சாயம் என்று நினைத்தால் தவறு. கடைகளில் விற்கும் பல பட்டைகளில் அது அசல் தங்கம்!

"தங்கமா! பவுன் விற்கிற விலையில் அதை யார் காகிதத்தில் தடவிக் கொடுப்பார்கள்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தடவியிருப்பது மிக மிகக் கொஞ்சம். அதை உருக்கி எடுத்து மூக்குத்தி பண்ணிக்கொள்ளலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். தங்கமென்றால் மஞ்சளாக அல்லவா இருக்க வேண்டும் என்ற கேள்விதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் புகுந்தால் விஞ்ஞானத்தின் ஒரு பெரிய கிளைக்குள்ளேயே புகுந்துவிடுவோம். நானோ துகள்கள் என்று அதற்குப் பெயர்.

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் குறுக்களவே எண்பதாயிரம், ஒரு லட்சம் நானோமீட்டர் இருக்கும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் இருக்கும் தங்க உருண்டை ஒவ்வொன்றும் சுமார் 40 நானோமீட்டர். ஒரு மயிரிழையின் குறுக்கே தோளோடு தோள் சேர்த்து நிறுத்தினால் இரண்டாயிரம் உருண்டைகள் நிற்கும்!

இவ்வளவு பொடியாக்கினால் என்ன ஆகும்? ஒரு பவுன், அதாவது எட்டுக் கிராம் தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காசாக இருக்கும்போது அதன் இரண்டு பக்கமும் விளிம்பும் சேர்ந்தாலும் மேற்பரப்பு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதையே 40 நானோமீட்டர் உருண்டைகளாக ஆக்கிவிட்டால், எல்லா உருண்டைகளின் மேற்பரப்பும் சேர்ந்து சுமார் 62 சதுர மீட்டர் வருகிறது. நம் பாஷையில் சொன்னால் 670 சதுர அடி. பட்டணத்தில் ஒரு சிறு குடும்பம் குடியிருக்கும் வீட்டின் தரை அளவு! எடை அதே எட்டுக் கிராம்தான். ஆனால் வெளி உலகத்தோடு உறவாடுகிற முகப்பு இத்தனை பெரிதாகிவிடுகிறது. ரஸாயன விஷயங்கள் எல்லாம் நடப்பது மேற்பரப்பில்தானே? பெட்டியில் சாதுவாகப் படுத்திருந்த உலோகம் திடீரென்று சுறுசுறுப்பாகிவிடுவதற்கு இது ஒரு காரணம்.

நிறம் மாறுவதன் ரகசியம் வேறு. உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் என்ற நுண்ணிய மின்துகள்கள் ஓரிடத்தில் கட்டுப்படாமல் உலவிக்கொண்டிருக்கின்றன. வெளிச்சம் வந்து மோதும்போது, சின்னஞ்சிறு தங்க உருண்டைக்குள் அடைபட்ட அவை எல்லாம் சேர்ந்து ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடுகின்றன. ஊஞ்சலை ஆட்டத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: தாளம் தவறாமல் தள்ளினால்தான் அது உயரே போகும். தங்க ஊஞ்சலுக்கு ஏற்ற தாளம் பச்சை ஒளியில் இருக்கிறது. எனவே பச்சையைத் தங்கம் விழுங்கிவிடுகிறது. மிஞ்சிய சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது. வெள்ளிக்குத் தாளம் வேறு. அது ஊதாவையும் நீலத்தையும் விழுங்குவதால் வெள்ளித் துகள் மிதக்கும் தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும்.

தெரியாமலே இந்த வித்தையைச் செய்த கைகாரர்கள் பழைய காலத்திலேயே இருந்தார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. லைகர்கஸ் என்ற அரசன் திராட்சைக் கொடியில் சிக்கித் தவிக்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. முன்னாலிருந்து வெளிச்சம் பட்டால் கிண்ணம் பச்சை. உள்ளே விளக்கு வைத்தால் இரத்தச் சிவப்பு! கண்ணாடியில் தங்கமும் வெள்ளியும் நானோ துகள்களாகக் கலந்திருப்பதுதான் காரணமென்று இந்தக் காலத்து நுண்ணோக்கிகள் காட்டிக் கொடுத்துவிட்டன.

தெரிந்தே செய்தவர் மைக்கேல் பாரடே. ஆம், மின்சார டைனமோவுக்கு வழி காட்டிய அதே பாரடேதான். 1857ல் லண்டன் ராயல் சொஸைடியில் அவர் ஒரு பிரசங்கம் செய்தார். தங்க உப்பு கரைந்த நீரைப் பாஸ்பரஸால் மாற்றி, மாணிக்கச் சிவப்பான ஒரு திரவத்தைத் தயாரித்திருந்தார். இது சாயமல்ல, கண்ணுக்கு எட்டாத பொடியாகத் தங்கமே மிதக்கிறது என்று அவர் எடுத்துச் சொன்னார். அந்தத் துகளைக் காட்டக்கூடிய கருவி அப்போது உலகத்தில் கிடையாது. அவர் கையால் செய்த அந்தச் சிவப்பு நீர்க் குப்பிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பத்திரமாக இருக்கின்றன. துகள்கள் இன்னும் அடியில் தங்கிவிடவில்லை என்பதுதான் விசேஷம்.

சமையல் குறிப்பு

துகள் செய்யும் முறை இப்போது எப்படி? ராட்சச யந்திரங்கள் வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். ஆராய்ச்சிக்கூடத்தில் இன்றும் மாணவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் முறை, நம் வீட்டு ரசம் வைப்பதைவிடச் சுலபமானது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் டர்கெவிச் என்பவர் 1951ல் தம் சகாக்களுடன் சேர்ந்து அதை எழுதி வைத்தார்.

முதலில் பாத்திரம். கண்ணாடிக் குடுவையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதாது. தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகத்தால் கழுவ வேண்டும். ஒரு தூசி, ஒரு கீறல் இருந்தாலும் தங்கம் அங்கே போய் ஒட்டிக்கொண்டு காரியத்தைக் கெடுத்துவிடும். மாமியார் பாத்திரம் பார்ப்பதைவிடக் கடுமையான பரீட்சை இது!

பிறகு தங்க உப்பை மிக நீர்க்கக் கரைத்துக் கொதிக்க வைக்கிறார்கள். வெளிர் மஞ்சள் நீர் தளதளவென்று கொதிக்கும்போது, கொஞ்சம் சோடியம் சிட்ரேட் கரைசலை விடுகிறார்கள். எலுமிச்சம்பழத்தில் புளிப்பாக இருக்கிறதே சிட்ரிக் அமிலம், அதிலிருந்து கிடைக்கும் உப்புதான் இது. விட்டதும் மஞ்சள் போய் நீர் நிறமற்றதாகிறது. சிறிது நேரத்தில் சாம்பல். அப்புறம் மைபோன்ற கருநீலம். பிறகு கத்தரிப்பூ நிறம். கடைசியில் திராட்சைச் சிவப்பு. எல்லாம் சில நிமிஷங்களில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்து முடிந்துவிடும். கிடைக்கும் உருண்டைகள் ஏறக்குறைய 20 நானோமீட்டர். சிட்ரேட்டைக் கூட்டினால் உருண்டை சிறிதாகும், குறைத்தால் பெரிதாகும். இந்த அளவுத் திட்டத்தை 1973ல் பிரென்ஸ் என்பவர் வகுத்துக் கொடுத்தார்.

இனி ஒரு வேடிக்கை. இந்தச் சிவப்பு நீரில் ஒரு சிட்டிகை சாதாரண உப்பைப் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் நீலமாகிவிடுகிறது! துகள்களின் மேல் சிட்ரேட் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே மின்னேற்றத்தைக் கொடுத்திருக்கிறது. அதனால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தனித்தனியே மிதந்தன. உப்பு வந்ததும் அந்த விரோதம் மறைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பலாகிவிட்டன. கும்பலான தங்கம் நீலம்.

வேடிக்கை என்று சொன்னேனே தவிர, விஷயம் வேடிக்கையல்ல. நம் இரத்தமே உப்பு நீர்தானே? குடுவையில் அழகாக மிதக்கும் துகள் உடம்புக்குள் போனதும் என்ன ஆகும் என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. அதனால் மருத்துவத்துக்கான துகள்களுக்கு முன்கூட்டியே ஒரு சட்டை மாட்டி அனுப்புகிறார்கள். அப்படியும் இரத்தத்தில் இறங்கிய மறுகணமே அங்கிருக்கும் புரதங்கள் வந்து துகளைப் போர்வைபோல் மூடிக்கொள்கின்றன. உடம்பின் அணுக்களுக்குத் தெரிவது தங்கமோ வெள்ளியோ அல்ல, அந்தப் போர்வைதான். ஒரே துகள் ஒருவர் பரிசோதனையில் சாதுவாகவும் மற்றொருவர் பரிசோதனையில் முரடாகவும் நடந்துகொள்வதற்குப் பாதி விளக்கம் இந்தப் போர்வையில் இருக்கிறது.

கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் இந்தப் போர்வை வித்தையே உபகாரமாகிறது. தங்கத் துகளுக்கு ஓர் எதிர்ப்புப் புரதத்தைச் சட்டையாக மாட்டிவிடுகிறார்கள். கரு கருப்பையில் ஒட்டிக்கொண்டதும் பெண்ணின் உடலில் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரந்து சிறுநீரில் வருகிறதல்லவா? அந்த ஹார்மோனை மட்டும் கண்டு கட்டிப்பிடிக்கும் சட்டை அது. ஈரத்தோடு ஈரமாகத் துகள்கள் பட்டையில் ஓடுகின்றன. கோடு விழ வேண்டிய இடத்தில் அதே ஹார்மோனைப் பிடிக்கும் வேறொரு புரதம் காத்துக்கொண்டிருக்கிறது. ஹார்மோனைத் தூக்கி வந்த துகள் அங்கே அகப்பட்டு நின்றுவிடுகிறது. லட்சக்கணக்கில் நின்றால் சிவப்புக் கோடு! ஹார்மோன் இல்லையேல் நிற்க முகாந்தரமில்லை. துகள்கள் அடுத்த கோட்டுக்குப் போய், பட்டை ஒழுங்காக வேலை செய்கிறது என்று மட்டும் தெரிவிக்கின்றன. 2020, 2021ல் கொரோனாவுக்காக மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த விரைவுப் பரிசோதனைகள் பலவற்றிலும் இதே தங்கம்தான் ஓடியது.

பாட்டி தந்த வெள்ளித் தம்ளர்

தங்கத்தின் கதை பெருமைக்கு. ஜீவனத்துக்கு உதவிய கதை வெள்ளியினுடையது. குழந்தைக்குப் பால் புகட்ட வெள்ளிச் சங்கும், அன்னப்பிராசனத்துக்கு வெள்ளிக் கிண்ணமும் தேடிய நம் பாட்டிமார்களுக்குக் கிருமி சாஸ்திரம் தெரியாது. ஆனால் வெள்ளியில் வைத்தது சட்டென்று கெடாது என்ற எண்ணம் பல தேசத்தாருக்கும் இருந்திருக்கிறது.

ஜெர்மனியில் லைப்ஸிக் நகரப் பிரசவ ஆஸ்பத்திரியில் கார்ல் கிரெடே என்ற டாக்டர் இருந்தார். அக்காலத்தில் பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றும் கிருமியால் எத்தனையோ குழந்தைகளுக்குக் கண் புண்ணாகிக் குருடாகிவிடும். அவருடைய ஆஸ்பத்திரியிலேயே நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளுக்கு அந்த நோய். 1880ல் அவர் பிறந்த குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு ஒன்று விடும் வழக்கத்தை ஆரம்பித்தார். நோய் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே விழுந்துவிட்டது! எத்தனை ஜோடிக் கண்கள்! அவருடைய புதல்வர் பென்னோ கிரெடே 1897ல் கூழ்ம வெள்ளியை, அதாவது நானோ துகள் மிதக்கும் வெள்ளி நீரை மருந்தாகவே கொண்டுவந்தார். நானோ என்ற பெயர் மட்டும் அப்போது கிடையாது.

பிறகு பெனிஸிலினும் அதன் தம்பி தங்கைகளும் வந்தன. வெள்ளி ஓரமாக ஒதுங்கிற்று. ஆனாலும் 1968ல் நியூயார்க்கைச் சேர்ந்த டாக்டர் சார்லஸ் பாக்ஸ் வெள்ளியையும் ஸல்பா மருந்தையும் சேர்த்துச் செய்த வெள்ளைக் களிம்பு, தீப்புண்ணுக்கு உலகமெங்கும் பரவியது. ஸ்டவ் வெடித்து வந்த எத்தனையோ பெண்களின் புண்ணில் நம் ஆஸ்பத்திரி நர்ஸுகள் தடவிய களிம்பு அதுதான். இப்போது கிருமிகள் மற்ற மருந்துகளுக்கு மசிவதில்லை என்ற நிலை வந்த பிறகு, வெள்ளி மறுபடி தலைகாட்டுகிறது. இம்முறை நானோ வடிவில்.

வெள்ளி கிருமியை எப்படிக் கொல்லுகிறது? துகளே ஈட்டிபோல் குத்துகிறதா, அல்லது துகளிலிருந்து கரைந்து வரும் வெள்ளி அயனிகள் கொல்லுகின்றனவா? அயனி என்றால் மின்னேற்றம் பெற்ற அணு. இந்த வழக்கு வெகு காலம் நடந்தது. அமெரிக்காவில் ரைஸ் சர்வகலாசாலையினர் 2012ல் ஒரு சாமர்த்தியமான சோதனை செய்தார்கள். வெள்ளி கரைந்து அயனியாவதற்குப் பிராணவாயு வேண்டும். ஆகவே பிராணவாயுவே இல்லாத பெட்டிக்குள் துகளையும் கிருமியையும் ஒன்றாக விட்டார்கள். கிருமிகள் சௌக்கியமாக இருந்தன! கொலையாளி அயனியென்றும், துகள் அதைச் சுமந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும் வண்டி மட்டுமே என்றும் அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அயனி கிருமியின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை முடமாக்கிவிடுகிறது.

வண்டி என்ற இந்தக் கருத்தை அழகாகப் பயன்படுத்திய ஓர் ஆராய்ச்சி நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பிரதீப்பும் அவருடைய குழுவினரும் குடிநீர் வடிகட்டிக்காக நானோ வெள்ளியை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு சங்கடம் உண்டு. சாதாரணத் தண்ணீரில் இருக்கும் உப்புகளும் அழுக்கும் வெள்ளியின்மேல் படிந்து சில நாளில் அதை மூடிவிடும். அப்புறம் அது வெறும் மணல். அதற்காக அவர்கள் இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோஸான் என்ற பொருளையும் அலுமினியச் சேர்மம் ஒன்றையும் சேர்த்து, மணல்போன்ற கூண்டு ஒன்றைக் கட்டினார்கள். அடுப்பே வேண்டாம், சாதாரண அறையில் தண்ணீரிலேயே அது உருவாகிறது. வெள்ளித் துகள் கூண்டுக்குள் அடைபட்டிருக்கும். அயனி மட்டும் வெளியே கசியும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் கசிகிறது. குடிநீரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நம் தேசத்துத் தர நிர்ணயம். கிருமி சாக அது போதும். மனிதனுக்கு வரம்பு தாண்டாது. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு இரண்டரை டாலர் செலவாகும் என்று 2013ல் கணக்குக் கொடுத்தார்கள். இதற்கு முன்பே பூச்சிமருந்து கலந்த நீரைச் சுத்தம் செய்ய அவர்கள் கண்டுபிடித்த நானோ வடிகட்டி 2007ல் கடைக்கு வந்துவிட்டது. பிரதீப்புக்கு 2020ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த ஆராய்ச்சியில் எனக்குப் பிடித்த அம்சம், வெள்ளி எவ்வளவு கசிகிறது என்று அளந்து சொன்னதுதான். அந்த அளவைச் சொல்லாமல் "நானோ வெள்ளி" என்று மட்டும் பெட்டியில் அச்சடித்து விற்கும் சாமான்கள் இப்போது ஏராளம்.

சமீப காலமாக நம் கல்லூரிகளிலும் நானோ வெள்ளி ஒரு பெரும் மோகமாகிவிட்டது. புனாவிலுள்ள தேசிய ரஸாயனச் சாலையினர் 2004ல் வேப்பிலைக் கஷாயத்தால் தங்க, வெள்ளித் துகள்களைச் செய்து காட்டினார்கள். அவ்வளவுதான்! துளசி, கற்பூரவல்லி, முருங்கை, நம் கொல்லையில் முளைத்த எந்த இலையும் தப்பவில்லை. வெள்ளி நைட்ரேட்டில் இலைக் கஷாயத்தை விட்டால் சில மணி நேரத்தில் நீர் பழுப்பாகிறது. அதைக் கிருமி வளரும் தட்டில் ஒரு சொட்டு வைத்தால் சுற்றிலும் கிருமி செத்த வளையம் தெரிகிறது. படம் எடுத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிடலாம். செய்வது தப்பென்று சொல்லவில்லை. கடும் ரஸாயனங்கள் இல்லாமல் செய்வது நல்லதுதான். ஆனால் துளசியில் செய்ததால் அந்த வெள்ளி துளசி தீர்த்தமாகிவிடாது. தட்டில் கிருமியைக் கொல்லும் பொருள், உடம்புக்குள்ளே போய் எதையெல்லாம் தொடும் என்பதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் வருஷங்கள் ஆகின்றன.

மீன் குஞ்சின் சாட்சி

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முதலில் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் மனித அணுக்கள். ஜெர்மனியில் ஆஹன் நகரத்தார் 2007ல் தங்கத்தைச் சோதித்தார்கள். தங்கம் உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்பது உலகப் பிரசித்தம். 15 நானோமீட்டர் உருண்டைகளை எவ்வளவோ கூட்டிப் போட்டும் அணுக்களுக்கு ஆபத்தில்லை. ஆனால் 1.4 நானோமீட்டர் துகள்களைப் போட்டபோது அணுக்கள் மடிந்தன! அதே தங்கம்தான், அளவு மட்டும் வேறு. ஆக, "தங்கம் நல்லதா, கெட்டதா?" என்று கேட்பதே அர்த்தமில்லாத கேள்வி. எந்த அளவுத் துகள், எந்தப் போர்வை, எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

அடுத்த சாட்சி ஒரு மீன். நம் தேசத்து ஓடைகளில் திரியும் வரி போட்ட சின்ன மீன். வரிக்குதிரை மீன் என்று பெயர். அதன் கரு கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். இதயம் துடிப்பதை நுண்ணோக்கியில் நேரே பார்க்கலாம். இரண்டு மூன்று நாளில் குஞ்சு வெளிவந்துவிடும். 2008ல் ஸிங்கப்பூர்ச் சர்வகலாசாலையில் இந்தக் கருக்களை நானோ வெள்ளி கலந்த நீரில் வளர்த்தார்கள். அளவு கூடக் கூட விபரீதமும் கூடியது. முதுகுத்தண்டு கோணிய குஞ்சுகள், இதயத்தைச் சுற்றி நீர் கோத்த குஞ்சுகள், துடிப்பு மந்தமான குஞ்சுகள். பார்த்தவர்களுக்கு மனசு கேட்டிருக்காது. மீனுக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேரும் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்தக் குஞ்சுகளின் சாட்சியத்தை ஒதுக்கிவிடவும் முடியாது.

மனிதர்களைப் பற்றி வெகு காலமாகத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. வெள்ளியை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் விழுங்கி வந்தால் தோல் நீலம் பாரித்த சாம்பல் நிறமாகிவிடுகிறது! உடம்பில் சேர்ந்த வெள்ளி தோலில் படிகிறது. வெயில் பட்டதும், பழைய காலத்துப் போட்டோத் தகட்டில் நடந்ததுபோல் கருக்கிறது. வந்துவிட்டால் கழுவினாலும் போகாது, மருந்தாலும் போகாது. இரண்டாயிரமாவது ஆண்டுகளில் அமெரிக்கர் ஒருவர் இப்படி முழு நீல முகத்தோடு டெலிவிஷனில் தோன்றியதைப் பல கோடிப் பேர் பார்த்தார்கள். வீட்டிலேயே வெள்ளி நீர் தயாரித்துப் பல வருஷம் குடித்தவர் அவர்.

இதைப் பார்த்த பிறகும் "கூழ்ம வெள்ளி நீர், சகல ரோக நிவாரணி" என்று விற்பவர்கள் ஓயவில்லை. உள்ளுக்குச் சாப்பிடும் வெள்ளி மருந்துகள் பத்திரமானவை, பலனுள்ளவை என்று ஏற்க ஆதாரமில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 1999லேயே அறிவித்துவிட்டது. 2020ல் கொரோனாப் பீதியில் அதையே மருந்தென்று விற்றவர்களுக்கு மறுபடி எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. பீதியில் இருக்கும் தாய்மார்களின் பர்ஸைத் திறப்பது அவ்வளவு சுலபம் என்று அந்த வியாபாரிகளுக்குத் தெரியும்.

"அப்படியானால் வெள்ளித் தம்ளர்?" என்று பதற வேண்டாம். திட வெள்ளியிலிருந்து கரைவது அற்பம். குழந்தையின் சங்கைப் பரணில் போட வேண்டியதில்லை. தீப்புண்ணுக்கு டாக்டர் எழுதித் தரும் களிம்பையும், அளவு சொல்லி விற்கும் வடிகட்டியையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. வடிகட்டியின் உட்குழலைத் தவணை தவறாமல் மாற்றினால் சரி. மைசூர்பாகிலும் பர்பியிலும் ஒட்டுகிற வெள்ளித் தாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2016ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஸ்தாபனம், பலகாரத்தில் சேர்க்கும் வெள்ளியில் நானோ துகள் எவ்வளவு, அயனி எவ்வளவு கசிகிறது என்ற விவரம் போதவில்லை. ஆகவே அபாயமில்லை என்று சொல்ல இயலாது என்றது. தீபாவளிக்கு ஒரு துண்டு சாப்பிட்டால் முகம் நீலமாகாது. ருசியும் கூடாது என்பதால் நம் வீட்டுப் பலகாரத்துக்கு அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. "வெள்ளி நீர்" என்று சொட்டுச் சொட்டாகக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லி யாராவது விற்றால், அவரைப் படியேற விடாதீர்கள்.

உடம்புக்குள் போகாத வெள்ளியும் எங்கோ போகத்தானே செய்யும்? வேர்வை நாற்றம் வராது என்று நானோ வெள்ளி கலந்த காலுறைகள் மேல்நாட்டுக் கடைகளில் பிரமாதமாக விற்றன. அமெரிக்காவில் அரிஸோனா ஸ்டேட் சர்வகலாசாலையில் 2008ல் ஆறு தினுசுக் காலுறைகளை வாங்கி வந்து அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் நாலே அலசலில் ஏறக்குறைய எல்லா வெள்ளியும் தண்ணீரோடு போய்விட்டது! வாங்கியவருக்கு நாற்றம் திரும்பி வந்தது. வெள்ளி சாக்கடைக்குப் போயிற்று. சாக்கடை போகும் இடம் ஆறும் ஏரியும்.

அங்கே என்ன ஆகும் என்று பார்க்க ஒரு முழு ஏரியையே சோதனைக்கு எடுத்துக்கொண்டவர்கள் கனடா தேசத்தார். ஒன்டாரியோ மாகாணத்துக் காட்டில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் பல உண்டு. அவற்றுக்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான். 222ஆம் எண் ஏரியில் 2014, 2015 இரண்டு கோடைகளிலும் சுமார் 15 கிலோ நானோ வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். வெள்ளி தண்ணீரோடு நிற்கவில்லை. பாசியில், பூச்சியில், சிறு மீனில், சிறு மீனைத் தின்னும் பெரிய மீனின் ஈரலில் என்று படியேறிற்று. மஞ்சள் பெர்ச் என்ற சிறு மீன்கள் முன்போல் இரை தின்னவில்லை, எண்ணிக்கையும் குறைந்தது. வெள்ளி போடுவதை நிறுத்திய பிறகும் ஆராய்ச்சியாளர்கள் வருஷா வருஷம் வலை வீசி, மீனைப் பிடித்து, ஈரலை எடுத்துச் சோதித்து வந்தார்கள். பெரிய மீன்களின் ஈரலில் ஏறியிருந்த வெள்ளி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.